ஆஷ்லி எழுதிய எங்கள் வீடு

எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் நேரே பேசி ஒரு வருடமாகியிருந்தது. ஆனாலும் பேச்சுக்குக் குறைவில்லை. எல்லாம் என் வழியாகப் போய்வந்தது. "கொப்பரிட்டைச் சொல்லு, பால் முடிஞ்சுதெண்டு" என்பார் அம்மா. அப்பா பக்கத்துக் கதிரையில்தான் இருப்பார். "கொம்மாட்டைச் சொல்லு, காதிலை விழுந்ததெண்டு" என்பார் அவர். ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியேறிய ஸ்காபரோ நகரில், ஒன்பதாம் மாடியில் அந்த உத்தியோகம் எனக்குப் பத்து வயதிலேயே கிடைத்தது, சம்பளமில்லாமல்.

என்னோடு படித்த ஆஷ்லி மேல்மாடியில் இருந்தாள். இந்த நாட்டின் பூர்வகுடிப் பிள்ளை. அரசாங்க ஆட்கள் வந்து அவளைத் தாயிடமிருந்து கூட்டிக்கொண்டு போய், வளர்ப்பு வீடுகளில் மாற்றி மாற்றி விட்டிருந்தார்கள்; மேல்மாடியில் இருந்ததும் அப்படியொரு வீடுதான். பள்ளி விட்டதும் எங்கள் வீட்டுக்கு வந்து, புட்டும் சீனியும் சாப்பிட்டபடி, நான் பேச்சுக் கடத்துவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

அம்மா யாரைக் கண்டாலும் முதலில் ஊர் கேட்பார். ஊர் தெரிந்தால் கோயில், கோயில் தெரிந்தால் சொந்தம். மூன்றாம் கேள்வியில் ஆளைப் பிடித்துவிடுவார். ஒருநாள் ஆஷ்லியின் ஊரையும் என்னைக் கேட்கச் சொன்னார். இங்கேதான் என்றாள். தாய் தகப்பன்? அவர்களும் இங்கேதான். அதற்கு முன்பு? முன்பும் இங்கேதான். அம்மாவின் முகம் மாறிவிட்டது. அவள் போனபிறகு, "ஊரை மறைக்கிற பிள்ளை. உவளின்ர ஆக்கள் குடியும் களவுமெண்டு கடையிலை கதைக்கினம். இனி இஞ்சை கூட்டிவராதை" என்றார். அந்தக் கட்டடம் முழுவதிலும் சொந்த மண்ணில் இருந்தவள் அவள் ஒருத்திதான். அது அம்மாவுக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. எனக்கு அவளைத் தவிர வேறு சிநேகிதி கிடையாது. அழுதேன், பலிக்கவில்லை.

அடுத்த மாதம் பள்ளியில் பெற்றோர் கூட்டம். வீட்டைப் பற்றி நாங்கள் எழுதிய கதைகளை வாசித்துக் காட்ட வேண்டும். அம்மாவும் அப்பாவும் என்னை நடுவில் இருத்திக்கொண்டார்கள். ஆஷ்லிக்கென்று ஒருவரும் வரவில்லை. அவள் எழும்பி வாசித்தாள். ஒரு வீட்டில் ஓர் அப்பா, ஓர் அம்மா. இருவரும் பேசிக்கொள்வதில்லை. நடுவில் ஒரு சிறுமி, ஒருவர் சொல்வதை மற்றவரிடம் சூடாறாமல் கொண்டுபோய்க் கொடுப்பாள். அந்தச் சிறுமியின் பெயர் ஆஷ்லி.

எனக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. மானம் போனது ஒருபக்கம், என் வேலையையும் அல்லவா எடுத்துக்கொண்டுவிட்டாள்! "என்னவாம் வாசிக்கிறாள்?" என்று அம்மா முழங்கையால் இடித்தார். நாய்க்குட்டிக் கதை என்றேன்.

அப்பாவுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். என் தலைக்கு மேலால் குனிந்து, "நாயுமில்லைப் பூனையுமில்லை, எங்கட வீட்டுக் கதையைத்தான் வாசிக்கிறாள்" என்றார்.

"எங்கடையையோ? என்னெண்டு?"

"நீரும் நானும் கதைக்கிறேல்லையெண்டு."

"உந்தப் பிள்ளை உதெல்லாம் பாத்துக்கொண்டோ இருந்தது?" அம்மாவின் குரல் இறங்கிவிட்டது.

இருவரும் நேரே பேசுகிறார்கள் என்பது அவர்களுக்கே தெரியவில்லை. நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.

வெளியே வந்ததும் அம்மா ஆஷ்லியின் சட்டைக் கொலரை இழுத்துச் சரிசெய்தார். "நாளைக்குச் சாப்பாட்டுக்கு வரச்சொல்லு" என்றார் என்னிடம்.

சொன்னேன், கோபத்தோடுதான். சண்டை பிடிக்கிற எங்கள் வீட்டைத் தன்னுடைய வீடென்று ஏன் எழுதினாள் என்றும் கேட்டேன். அந்த வீட்டிலிருந்து ஒருவரையும் யாரும் வந்து கூட்டிக்கொண்டு போவதில்லையே என்றாள் அவள்.

எனக்கு அது ஒரு பதிலாகவே படவில்லை. கதைதானே, பணக்காரர் இருக்கிற மார்க்கம் நகரில் மூன்று கராஜ் வைத்த வீடொன்றை எழுதியிருக்கலாம். பாவம், இவளுக்குக் கற்பனை போதாது என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன்.