வேலியில் கட்டிய வேப்பங்குழை

வேலி காவல் என்பது, வேலிக்கு வெளியே நிற்பவர்கள் எல்லாரும் நம்மைவிடக் கெட்டிக்காரர் என்று தினமும் தெரிந்துகொள்ளும் தொழில். வயல் வைத்திருக்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கொக்கட்டிச்சோலைப் பக்கம் எங்களுக்குக் குடிசையோடு ஒரு துண்டு வயல். வருஷத்துச் சோறு முழுக்க அதில்தான். இவர் தோணித்துறை வேலைக்குப் போய்விட்டால் இடுப்பில் பிள்ளையோடு நான்தான் காவல்.

மூத்த எருமை

முதலில் முள் வெட்டி நெருக்கமாக அடைத்தோம். ஒரு காலை பக்கத்துப் பட்டி எருமைகள் வந்தன. முன்னால் வந்த கிழட்டு எருமை வேலியை நின்று பார்த்தது. பிறகு திரும்பி, பின்பக்கத்தால் மெல்ல மெல்லத் தள்ளியது. முகத்தில் ஒரு முள் படவில்லை. மற்றவை வரிசையாக உள்ளே வந்தன. நான் விரட்ட மறந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

பட்டிக்காரத் தம்பிப்பிள்ளை அண்ணனிடம் முறையிட்டேன். அவர் சொன்னார்: "அதுதான் தங்கச்சி பட்டிக்கு மூத்தது. காட்டுக்குள்ள வழி தவறினா நானே அதுக்குப் பின்னாலதான் போவன்."

முள்ளுக்கம்பி

கல்லடி இரும்புப் பாலத்துக்குப் பிறகு நான் வாய் பிளந்து பார்த்தது முள்ளுக்கம்பியைத்தான். காத்தான்குடி முஸ்லிம் வியாபாரி ஒருவர், நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிற அண்ணன், தோணியில் கொண்டுவந்து தந்தார். வெயிலில் அது மின்னுவதைப் பார்க்கவே அயல் சனம் வந்தது. எருமையும் வந்தது. கழுத்தை அதில் வைத்துச் சுகமாகச் சொறிந்தது. கட்டை சாய்ந்தது.

காக்கா அடுத்த முறை வந்தபோது சொன்னேன். அவர் சிரிக்கவே இல்லை: "முள்ளு மனிசர்ர சட்டைக்கு, தங்கச்சி. எருமை சட்டை போடுறல்லியே."

ஒரு கொத்துக் குழை

சட்டை போட்டவர்களும் அடங்கவில்லை. துறைக்குப் போகக் குறுக்கு வழி என்று கம்பியை மிதித்து, கதிர் வந்த பயிருக்குள்ளால் நடந்தார்கள். ஒருநாள் கோபத்தில் ஒரு கொத்து வேப்பங்குழையைக் கடப்படியில், அதுதான் வேலி வாசலில், கட்டிவிட்டேன். அம்மாள் நோய், அதாவது அம்மை, வந்த வீட்டு அடையாளம் அது. அன்றைக்கே வழி வெறுமையாகிவிட்டது. கம்பிக்கு அடங்காத சனம் இலைக்கு அடங்கியது.

ஆனால் நெல் முற்றியதும் வெட்டுக்காரரும் வரவில்லை. நோயில்லை என்று சொன்னேன். அம்மாளை மறைக்கிறேன் என்று நினைத்தார்கள். அவிழ்க்கப் போனால் இவர் தடுத்தார்: "அம்மாள் பேரில கட்டினத நீயா அவிழ்க்கிறது?" கதிர் தலை சாய்ந்து மணி உதிரத் தொடங்கியது. வெட்டுக்காரரின் தலைவர் கணபதிப்பிள்ளை அண்ணன் அடுத்த வயல் வரம்பில் நின்றே பேசினார்: "அம்மாளுக்குத் தண்ணி வார்த்து முடியட்டும் மகள். மறுகா வெட்டுவம்."

கடப்படியில் வந்து நின்றவர்

அடுத்த நாள் விடிய, மேற்குக் காட்டிலிருந்து தனியன் யானை ஒன்று வந்தது. அடுத்த வயலில் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். நான் பிள்ளையை அணைத்தபடி குடிசை வாசலில் நின்றேன். அவ்வளவு பெரிய உடம்பு, ஒரு சத்தமில்லை. கடப்படிக்கு வந்து தும்பிக்கையை உயர்த்திக் குழையை முகர்ந்தது. மெல்ல உருவி எடுத்து, காலில் தட்டி, அப்பால் எறிந்தது. கம்பியைத் தொடாமல் கட்டையை மிதித்துச் சாய்த்து உள்ளே வந்தது. ஒரு வாய்க் கதிர் எடுத்தது. வரம்போரமாக நடந்து மறுபக்கத்தால் போயேவிட்டது. சுளகளவு காலடியில் தண்ணீர் ஊறி நின்றது. பிள்ளை கை கொட்டிச் சிரித்தது.

பிறகு கணபதிப்பிள்ளை அண்ணன் தலைத்துண்டை அவிழ்த்துக் கும்பிட்டு, தன் ஆட்களைப் பார்த்துச் சொன்னார்: "தாய்ர குழையப் பிள்ளையாரே வந்து எடுத்திட்டார். இன்னும் என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, கத்திய எடுங்கடா."

அந்த வருஷத்துச் சோறு வீட்டுக்கு வந்தது, நான் கட்டிய வேலி எதையும் யாரும் மதித்ததால் அல்ல, மதிக்காத ஒருவர் சரியான நேரத்துக்கு வந்ததால்.