வால் நறுக்கிய மீன்

இன்று காலை பக்கத்து வீட்டுச் சிங்களக் குமாரி அக்கா ஒரு பாறை மீனைத் தட்டில் வைத்து வாழையிலையால் மூடிக் கொண்டுவந்து தந்தார். "சும்மாதான் நங்கி, மகன் நிறையக் கொண்டுவந்தான்" என்றார். சிரித்துக்கொண்டே வாங்கினேன். அவர் கேற்றைத் தாண்டியதும் செவுளைத் தூக்கிப் பார்த்தேன், மணந்தும் பார்த்தேன். நல்ல மீன்தான். அப்படியும் மனம் ஆறவில்லை. இந்த மனிசிக்கு என்னிடம் என்ன வேண்டியிருக்கிறது என்று தேத்தண்ணீர் ஆறிப்போகும் வரை யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சிரிப்பீர்கள். மாம்புரிப் பக்கத்துக் கடற்கரையில் வளர்ந்திருந்தால் சிரிக்க மாட்டீர்கள். எங்கள் ஊரில் ஒருவர் காரணமில்லாமல் சிரித்தாலே, பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்போம்.

பச்சை மீன் மணம் வந்தால் எனக்குச் சவிரிமுத்து மாமாவின் ஞாபகம் வரும். மாமா என்பது ஊர் வழக்கத்துக்குச் சொல்வது. உறவு ஒன்றும் கிடையாது. சொல்லப்போனால் பல வருடமாக எங்கள் வீட்டில் அந்தப் பெயரையே எடுத்ததில்லை.

நாட்டில் சண்டை நடந்த காலத்தில் ஊரில் ஒரு வள்ளத்தின் இஞ்சின் களவு போயிருந்தது. எங்களுக்குப் பொலிஸ் எல்லாம் பிறகுதான், முதலில் அந்தோனியார். கோயிலில் எல்லாரும் கூடி நிற்க, சவிரிமுத்து மாமா சுரூபத்தின் பாதத்தைத் தொட்டு, இஞ்சினைச் சுமந்துகொண்டு போனது என் அப்பாதான் என்றும், அதைத் தன் கண்ணால் கண்டதாகவும் சத்தியம் செய்தார். அந்தோனியாரைத் தொட்டுச் சொன்ன பிறகு மறுகேள்வி கிடையாது. அன்றிலிருந்து அப்பாவை ஒருவரும் வள்ளத்தில் ஏற்றவில்லை. கடலுக்கு ஒற்றை ஆளாகப் போக முடியாது. கரையோரக் களப்பின் ஆழமில்லாத தண்ணீரில் தனியே வலை வீசித்தான் அப்பா எங்களை வளர்த்தார். மாமா கொஞ்ச நாளில் சிலாபம் பக்கம் போய்விட்டார்.

சண்டை முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு அவர் திரும்பி வந்தார். நான் அப்போதுதான் பாலர் பாடசாலையில் படிப்பிக்கத் தொடங்கியிருந்தேன். மனிசன் குடித்துக் கெட்டு, ஏதோ தியானத்துக்குப் போய்த் திருந்தி, கழுத்தில் செபமாலையோடு வந்திருந்தார். ஒரு பழைய வள்ளத்தில் இரண்டு பொடியன்களோடு தொழிலுக்குப் போனார். விடிய எழும்பிக் கோயில் கூட்டினார். தலவிலக் கோயில் திருவிழாவுக்கு வெறுங்காலோடு நடந்தார். யார் செத்தாலும் கூப்பிடாமலே போய்க் குழி வெட்டினார். ஊர் நம்புமா? கோயில் கூட்டுவது உண்டியலைப் பார்க்க என்றார்கள். குழி வெட்டுவது பிணத்தின் மோதிரத்துக்காம். நானும் அவர் எங்கள் தெருவால் போனால் கோழிகளை எண்ணிப் பார்ப்பேன். மீன் எடுக்க வரும் கற்பிட்டி ரஹீம் நானா மட்டும், "அந்த மனிசன் மனம் திரும்பித் தவ்பா செஞ்சிட்டாரு, விடுங்களேன்" என்பார். நானாவுக்கு மலிவாக மீன் கொடுக்கிறார் போல என்று அம்மா சொன்னாள்.

பிறகு ஒருநாள் எங்கள் வேலியில் ஒரு மீன் தொங்கியது. ஓலைக் கீற்றில் கோத்த பெரிய சீலா. அம்மா அடுப்பை மூட்டவே தொடங்கிவிட்டாள். அப்பா வாலைப் பார்த்தார். நுனி நறுக்கியிருந்தது.

"தொடாத. இது அந்தோனியார்ட மீன்."

எங்கள் ஊரில் வள்ளத்தில் விழும் முதல் மீன் அந்தோனியாருக்கு. மற்ற மீனோடு கலந்துவிடாமல் உடனே வாலை நறுக்கிவிடுவார்கள். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் அந்த மீன்கள் ஏலம் போகும். ஏலத்தில் எடுக்காமல் அதை வீட்டுக்குள் கொண்டுபோனவனை ஊர் மனிதனாகவே மதிக்காது. அம்மாவுக்குச் சமைக்கவும் பயம், எறியவும் பயம். மீன் வேலியிலேயே கிடந்து நாறியது, காகங்கள் ஊரைக் கூட்டின. அடுத்த நாளும் ஒன்று தொங்கியது, அதற்கடுத்த நாளும். பிறகென்ன, இஞ்சின் எடுத்தவனுக்கு அந்தோனியாரின் மீன் எந்த மூலைக்கு என்று ஊர் பேசத் தொடங்கிவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எவனோ அப்பாவை இரண்டாம் தரமும் மாட்டிவிடப் பார்க்கிறான் என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏலத்தில் யாரோ அந்தப் பழியை எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னான். அப்பா தலை நிமிரவில்லை. அப்போது சவிரிமுத்து மாமா முன்னால் வந்தார்.

"மீனக் கட்டினது நான். இஞ்சினை எடுத்து வித்ததும் நான்தான். இந்த மனிசன் மேல பொய்ச் சத்தியம் பண்ணினன். இவரத் தாண்டி அந்தோனியார்ட்ட எப்பிடிப் போறது? அதான் முதல் மீன இவருக்குக் கொண்டுபோனன்."

பிறகு மணலில் முழங்காலில் நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இனி அப்பாவிடம் ஊர் மன்னிப்புக் கேட்கும் என்று நம்பினேன். என் வாழ்நாளில் சந்தேகமே இல்லாமல் நான் நம்பிய ஒரே விசயம் அதுதான், அதுவும் பிழையாய்ப் போனது. பிறகு பின்னால் ஒரு குரல், "அப்ப ரெண்டு பேரும் சேந்துதான் எடுத்திருக்கிறானுகள். இல்லாட்டி என்னத்துக்கு மீன் குடுக்கிறான்?" என்றது. பலர் தலையாட்டினார்கள். வீடு வந்து சேருவதற்குள் அதுவே ஊரின் தீர்ப்பாகிவிட்டது.

மாமாவோடு தொழிலுக்குப் போன பொடியன்களும் அவரை விட்டு விலகினார்கள். அடுத்த கிழமை அப்பா போய் அவருடைய வள்ளத்தில் ஏறினார். அம்மா கத்தித் தீர்த்தாள்.

"மன்னிச்சிட்டீங்களா அப்பா?" என்று கேட்டேன்.

"அவன நம்பேல்ல. கடலுக்குத் தனியப் போக ஏலாது."

உண்மையாகவே நம்பவில்லை. மாமா கட்டிய முடிச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்த பிறகுதான் வள்ளம் தள்ளுவார். மாமா மணலில் முழங்காலில் நின்று செபம் சொல்லி முடிக்கும் வரை பக்கத்தில் நின்று முறைத்துக்கொண்டிருப்பார். அப்படியே இருவரும் பல வருடம் ஒன்றாகத் தொழில் செய்தார்கள்.

இப்போது அந்தக் கரையில் ஹோட்டல் வேலி. வெள்ளைக்காரர் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் நின்று அலையில் ஓடுகிறார்கள். கோயில் வாசலில் மீன் ஏலம் நின்றுபோய்விட்டது. தலையாட்டிய குடும்பங்களில் பாதி இத்தாலியில். சவிரிமுத்து மாமா போன மாரியில் செத்தார். குழி வெட்ட ஊரில் ஆள் இல்லாததால் அப்பாவே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அடக்கம் முடிந்து வந்து, அப்பா கை கழுவாமல் கதிரையில் இருந்தார். ஆறுதல் சொல்ல வேண்டுமே என்று, "இனி ஆரும் உங்களக் கள்ளன் எண்டு சொல்ல மாட்டாங்க அப்பா. நாங்க எப்பவும் உங்கள நம்பினதுதானே" என்றேன்.

அப்பா நகத்தில் இருந்த மண்ணைச் சுரண்டினார்.

"ஓம் பிள்ள, நீங்க நம்பினீங்க. நான் எடுக்கேல்ல எண்டு அவனுக்குத்தான் தெரியும்."