வரட்டும், வரட்டும்

காட்டுப் பாதையில் புதிதாக வண்டி ஓட்டுகிறவர்களுக்காக ஒரு பயணம் ஏற்பாடு செய்தேன். அலுவலக நண்பர்கள் அதை ஏதோ பொதுச்சேவை என்று நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் அது ஒரே ஒருத்திக்காகப் போட்ட பயணம். என் மனைவிக்காக.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மேடவாக்கம் கூட்டுரோட்டில் ஒரு தண்ணீர் லாரி அவள் காரை உரசிக்கொண்டு போனது. காரில் கீறல்தான், அவளுக்குக் காயம் ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்கு இறங்கியவள் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. சேலையூர் வீட்டிலிருந்து பொழிச்சலூரில் அவள் பாடம் நடத்தும் பள்ளிக்கு இரண்டு பஸ், ஒரு ஷேர் ஆட்டோ. முழங்கால் வலியோடு அத்தனையும் ஏறி இறங்குவாள். "கூட்டமே இல்லாத இடமா இருந்தா ஓட்டிப் பாப்பேனோ என்னமோ" என்று ஒருநாள் கொத்தமல்லி கிள்ளிக்கொண்டே சொன்னாள். அந்த 'என்னமோ'வைப் பிடித்துக்கொண்டுதான் நான் கிளம்பினேன்.

ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு பாதையைத் தேர்ந்தெடுத்து, இரண்டு முறை தனியாகப் போய் ஓட்டிப் பார்த்தேன். வனத்துறை அனுமதி, கூட வரும் காவலர், பிடிப்புக்காக எந்த இடத்தில் டயரில் காற்றைக் குறைப்பது, எங்கே சாப்பிடுவது என்று எல்லாம் எழுதிவைத்தேன். சிறுசேரியில் என்னோடு வேலை பார்க்கும் நான்கு பேர் ஆளுக்கொரு வண்டியோடு சேர்ந்துகொண்டார்கள். நால்வரும் சொக்கத் தங்கங்கள், வாயைத் திறக்காதவரை. வாட்ஸப் குழுவில் ஒரு வாரம் புளியோதரையா லெமன் சாதமா என்று பட்டிமன்றம்தான் நடந்தது.

நான் கண்டிப்பாகச் சொன்ன விதி ஒன்றே ஒன்று. கஷ்டமான இடத்தில் ஒரே ஆள்தான் வண்டிக்கு முன்னால் நின்று கை காட்ட வேண்டும். மற்றவர்கள் மூச்சு விடக்கூடாது. நம்ம ஊர்ப் பழக்கம் எனக்குத் தெரியும். தாம்பரத்தில் ஏதாவது சந்தில் வண்டியைத் திருப்பிப் பாருங்கள். டீ குடிக்கிறவர், இஸ்திரி போடுகிறவர், வாட்ச்மேன் எல்லாரும் வந்து டிக்கியைத் தட்டி "வரட்டும், வரட்டும், ஒடி, ஒடி" என்பார்கள். அவர்களை யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

"என் கையை மட்டும் பாரு" என்று அவளிடம் சொல்லியிருந்தேன். "உள்ளங்கையைக் காட்டினா பிரேக்க அழுத்திக்கோ, விடாத. விரலால கூப்பிட்டா மட்டும் வா."

"சரிங்க" என்றாள்.

காட்டுக்குள் முதல் ஒரு கிலோமீட்டர் எங்கள் பழைய ஜீப்பை அவள்தான் ஓட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்து நான் வாயே திறக்கவில்லை. பாதி வழியில் அவள் ஏதோ பாட்டை முணுமுணுப்பது கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு தண்ணீரில்லாத ஓடை ஒன்று வந்தது. இறங்கி ஏற வேண்டும். நான் எதிர்க்கரையில் போய் நின்றேன். நால்வரும் வண்டிகளைப் பின்னால் நிறுத்திவிட்டு, நடந்து வந்து எனக்குப் பின்னால் வேடிக்கை பார்க்க நின்றார்கள். ஏற்றத்தின் நடுவில் முன்சக்கரம் ஒரு கல்லில் மோதி எஞ்சின் அணைந்தது. உள்ளங்கையைக் காட்டினேன். ஜீப் அப்படியே நின்றது. அவள் கண் என் கையை விட்டு அசையவில்லை. மறுபடி ஸ்டார்ட் செய்தால் போதும், ஏறிவிடலாம்.

"வரட்டும் மேடம், வரட்டும்!"

"லெஃப்ட்ல ஒடிங்க!"

"ஃபர்ஸ்ட் போடுங்க, ஃபர்ஸ்ட்!"

"இல்ல மச்சான், ரிவர்ஸ்லதான் வரணும்!"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "வாய மூடித் தொலைங்கடா!" என்று இரண்டு கையையும் அவர்கள் பக்கம் ஓங்கிக்கொண்டு கத்தினேன்.

பின்னால் கல் உருளும் சத்தம். நான் திரும்புவதற்குள் ஜீப் பின்னோக்கிச் சரிந்து, பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஒருபக்கம் சாய்ந்து நின்றது. அவளுக்கு அடி எதுவும் இல்லை. கயிறு கட்டிக் கால் மணி நேரத்தில் இழுத்துவிட்டோம். நால்வரும் மாறி மாறி மன்னிப்புக் கேட்டார்கள். அவள் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பஞ்சரானால், பாம்பு கடித்தால், தேனீ கொட்டினால் என்ன செய்வது என்றெல்லாம் எழுதிவைத்திருந்தவன், இதற்கு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

திரும்பும் வழியெல்லாம் அவளிடம் நால்வரையும் திட்டித் தீர்த்தேன். படித்துப் படித்துச் சொன்னேனே, ஒருத்தனாவது கேட்டானா என்று புலம்பினேன். பெருங்களத்தூர் நெரிசலில் வண்டி நின்றபோதுதான் அவள் பேசினாள்.

"அவங்க கத்துனது எனக்குக் காதுலயே விழலைங்க. உங்க கையத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். அதக் காணோம்னதும் கால் தானா பிரேக்க விட்டுடுச்சு."

குரலில் கோபமே இல்லை.

திங்கட்கிழமை காலை அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நான் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாங்க, உங்களுக்கு லேட்டாயிடும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.