நிழல் பத்தலையாம்

நான் பிரிக்பீல்ட்ஸில் படங்களுக்குப் பிரேம் போடும் கடை நடத்திய காலத்தில், கரையானைவிடப் படங்களை அதிகம் கெடுத்தவர்கள் கஸ்டமர்கள்தான். "இங்க கொஞ்சம் மஞ்சள் போடுங்க, அங்க ஒரு படகு வைங்க" என்பார்கள். ஒரே ஒரு தடவை அந்த வாயால் நல்லதும் நடந்தது.

கிள்ளானில் துணிக்கடை வைத்திருக்கும் சாமிநாதன், தன் புதுக் கிளைக்காக மங்கையிடம் ஒரு பெரிய படம் சொல்லியிருந்தார். சாயங்கால வெயிலில் புத்ராஜெயா ஏரிக்கரைப் பள்ளிவாசல். சுங்கை வேயில் வீட்டிலிருந்தே வரையும் மங்கைக்கு அதுதான் முதல் பெரிய ஆர்டர். சாமிநாதன் வேண்டாம் என்றுவிட்டால் அத்தனை பெரிய படத்தை வேறு யாரும் வாங்கப்போவதில்லை.

மங்கை படத்தை என் கடைக்குக் கொண்டுவந்திருந்தார்; பிரேம் போடுமுன் பார்க்கச் சாமிநாதன் வந்தார். நான் ஏற்கெனவே அசந்துபோயிருந்தேன். குவிமாடத்தின் ரோஸ் நிறம் தண்ணீரில் இறங்கி, அலையில் உடைந்து உடைந்து மிதந்தது. அவர் முகம் மட்டும் மலரவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நிழல் பத்தலயே லா, தங்கச்சி. கொஞ்சம் கூட்டிக் குடுங்க. சாப்பிட்டு வந்து பாக்குறேன்."

அவர் போனதும் மங்கை அங்கேயே அக்ரிலிக் பெயிண்ட் டப்பாவைத் திறந்தார். படத்தில் தண்ணீரை ஒட்டிய கரைச் சுவரில் கருநீலம் ஏற்றினார். வளைவுகளுக்கு அடியிலும் ஏற்றினார். நான் குறுக்கே கை நீட்டினேன்.

"என்னம்மா பண்ற? அவரு தண்ணியில தெரியிற நிழலச் சொன்னாரு!"

பிரஷ் அப்படியே நின்றது. "ஐயோ அண்ணே, சுவத்துல விழுற நிழல்னுல்ல நெனச்சேன்!"

நம் பேச்சில் இரண்டுமே நிழல்தான். அக்ரிலிக் அதற்குள் காய்ந்துவிட்டது; இனித் துடைத்தெடுக்க முடியாது. மங்கையின் கண் கலங்கியது. என்ன செய்வது என்று யோசிப்பதற்குள் சாமிநாதன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

நாலடி பின்னால் போய் நின்று பார்த்தார்.

"அடேங்கப்பா! தண்ணி சும்மா ஜொலிக்குது. இதத்தானே கேட்டேன்! தண்ணிக்கு என்ன கலர் போட்டீங்க?"

"தண்ணியத் தொடவே இல்ல, பாஸ். சுவரத்தான் இருட்டாக்குனேன்."

"சும்மா கதை விடாதீங்க லா."

மங்கை என் மேஜையிலிருந்து ஒரு வெள்ளை அட்டைத் துண்டை எடுத்து, கரைச் சுவரை மறைத்தார். தண்ணீர் மங்கியது. எடுத்தார். மறுபடி பளிச்சென்றது. சாமிநாதன் சின்னப் பிள்ளை மாதிரி இன்னொரு தடவை காட்டச் சொன்னார். பிறகு, "பிரேம் போட்டுருங்கண்ணே" என்றார்.

அதன்பின், படத்தில் ஓர் இடம் மங்கலாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் அதன் பக்கத்தில் இருப்பதைத்தான் முதலில் பார்ப்பேன். மங்கை அந்த வெளிச்சத்தை முன்பே வரைந்து முடித்திருந்தார். அதைப் பார்க்கச் சாமிநாதனுக்குத்தான் கொஞ்சம் இருட்டு தேவைப்பட்டது.