எழுந்திருக்க மாட்டோம்

என் அக்காவின் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். "உட்கார்ந்துகிட்டே சம்பாதிக்கிற மகராசன்" என்றுதான் அக்கா அவரை எல்லோருக்கும் அறிமுகம் செய்து வைப்பாள். கேட்பவர்கள் கிண்டல் என்று நினைத்துச் சிரிப்பார்கள். கிண்டல் பாதிதான், மீதி சுத்தமான பொறாமை. அவள் திரைச்சீலைக் கடையில் வேலை பார்க்கிறாள், நான் மருந்துக் கடையில். இருவருமே நின்று பிழைக்கிற இனம்.

காலையில் கடை திறந்ததும் அவள் வேலை தொடங்கிவிடும். வருகிறவர்கள் கைகாட்டும் துணிச் சுருளை இழுத்து மேசையில் விரிக்க வேண்டும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்ட வேண்டும். "வேற கலர் இருக்கா?" என்றதும் முகம் சுளிக்காமல் திரும்பச் சுருட்ட வேண்டும். ஆள் வராத நேரத்திலும் நின்றே தீர வேண்டும். அலமாரியில் லேசாகச் சாய்ந்தால் போதும், கேமராவில் பார்த்துக்கொண்டிருக்கும் சூப்பர்வைசர் மைக்கில் கூப்பிடுவார்: "ரெண்டாம் கவுன்டர், சாயாதீங்க." முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் வேலை செய்கிற பெண்கள் உட்கார்ந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று மனதார நம்பினார். அவர் மட்டும் நாள் முழுக்கச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தும் வியாபாரம் ஏன் படுக்கவில்லை என்று அவரிடம் கேட்க யாருக்கும் தைரியம் இல்லை.

அந்தக் கடையின் பாத்ரூம் வாசலில் எப்போதும் ஒரு வரிசை நிற்கும். உள்ளே போகிறவர்கள் மூடியைக் கவிழ்த்து அதன்மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார்கள், வேறு காரியம் எதுவும் இல்லை. அங்கே உட்கார்ந்தபடிதான் அக்கா போனில் ஒரு குழுவைத் தொடங்கினாள். 'உட்கார விடு' என்று பெயர் வைத்தாள். அதில் ஒரே ஒரு வழக்கம்: இன்று எங்கே திருட்டுத்தனமாக உட்கார்ந்தாய் என்று படம் போட வேண்டும். முகம் கூடாது, இடம் மட்டும். ஜெனரேட்டர் அறை, மாடிப்படி, கவிழ்த்த வாளி என்று படங்கள் வந்தன. நான் இருமல் மருந்துப் பெட்டிகளின்மேல் உட்கார்ந்து படம் போட்டேன். அடிப் பெட்டி நசுங்கி நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

கடை கடையாகப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். தள்ளுபடிக் காலத்தில் ஒரு சனிக்கிழமை, கூட்டம் அலைமோதுகிற சாயங்காலத்தில், அந்தத் தெருவின் எல்லாக் கடைகளிலும் ஒரே நேரத்தில் தரையில் உட்கார்ந்தோம். கோஷம் இல்லை, கூச்சல் இல்லை. யார் வந்து கேட்டாலும் "எழுந்திருக்க மாட்டோம்" என்று மட்டும் சொன்னோம். அக்காவின் கடையில் துணி வாங்க வந்த ஒரு பெரியம்மா கவுன்டருக்கு மேலே எட்டிப் பார்த்து, "கீழே என்னம்மா தேடுறீங்க?" என்று கேட்டாராம். "ஸ்டூல் தேடுறோம்மா" என்றாளாம் அக்கா. அந்தப் பெரியம்மாவும் பையைக் கீழே வைத்துவிட்டு அவளோடு உட்கார்ந்துவிட்டார். அடுத்த வாரமே ஸ்டூல்கள் வந்து இறங்கின. என் ஸ்டூலில் முதல் தடவை உட்கார்ந்தபோது எனக்கு அழுகை வந்தது. வெட்கப்படாமல் சொல்கிறேன், அப்படி ஒரு சந்தோஷத்தை என் கல்யாணத்தில்கூட நான் படவில்லை.

அதற்குப் பிறகு வருஷங்கள் ஓடின. குழு ஊதிப் பெருத்தது, பேச்சும் மாறியது. குதிகால் வெடிப்புக்கு எந்தக் களிம்பு நல்லது, மகள் பாஸாகிவிட்டாள், தம்பிக்குப் பெண் தேவை, ஸ்டூலில் ஏறித் தூங்கும் பூனை. பேக்கரியில் வேலை பார்க்கும் ஒருத்தி தன் ஸ்டூலுக்குப் பூப்போட்ட மெத்தை தைத்துப் படம் போட்டாள். அன்றிலிருந்து அவள் பெயரே மெத்தைக்காரி. எந்த நிறம் அழுக்குத் தாங்கும் என்று ஒரு வாரம் விவாதம் நடந்தது. அதே வாரத்தில் அக்கா வேலை நேரத்தைப் பற்றி நீளமாக ஒரு கட்டுரை போட்டாள். அதைச் சீந்துவாரில்லை. விழுந்த ஒரே லைக்கும் மாமாவுடையது. அதுவும் விரல் தவறிப் பட்டது என்று அவரே உளறிவிட்டு, அன்று முழுவதும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

எரிகிற கொள்ளியில் எண்ணெய் விட்டதுபோல் இன்னொன்றும் நடந்தது. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், செல்போன் கடையில் வேலை செய்கிறவள், தங்கள் கடையில் ஸ்டூல்களை எடுத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாள். மெத்தைப் படங்களுக்கு அடியில் அது அமுங்கிப் போய்விட்டது. இரண்டு நாள் கழித்து அக்கா கண்ணில் பட்டது.

"பாத்தியாடி? ஒரு புள்ள கால் வலிக்குதுன்னு அழுவுது, இவங்க மஞ்சளா பச்சையான்னு பட்டிமன்றம் நடத்துறாங்க. இது போராட்டக் குழுவா, மெத்தைக் கடையா?"

"கால் வலி நின்னுடுச்சுக்கா. வேற என்னத்தப் பேசுவாங்க? நல்லா உட்கார்ந்து மெத்தை கதை பேசணும்னுதானே நாம அன்னைக்குத் தரையில உட்கார்ந்தோம்?" என்றேன் நான்.

"எனக்கு நின்னுடுச்சு, உனக்கு நின்னுடுச்சு. அந்தப் புள்ளைக்கு?"

அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எரிச்சல்.

வெள்ளிக்கிழமை அக்கா குழுவில் ஓர் அறிவிப்பு போட்டாள். படிக்கத் தொடங்கினால் இறங்க வேண்டிய பஸ் நிறுத்தம் தாண்டிவிடும், அத்தனை நீளம். சாரம் இதுதான்: செல்போன் கடைப் பெண்ணின் கதறல் யார் காதிலும் விழவில்லை, இனி இங்கே போராட்டம் பற்றி மட்டுமே பேச வேண்டும், மற்றதெல்லாம் நீக்கப்படும், ஞாயிற்றுக்கிழமைக்குள் திருந்தாவிட்டால் குழுவையே மூடிவிடுவேன். மூடுகிற அதிகாரம் அவள் ஒருத்திக்குத்தான் இருந்தது. செய்யக்கூடியவள்தான் என்பது எனக்குத் தெரியும். மூடினால் போவது மெத்தைப் பேச்சு மட்டும் இல்லை. பிரசவத்துக்கு ரத்தம் கிடைத்ததும், வேலை போனவளுக்கு வேறு வேலை கிடைத்ததும் அந்தக் குழுவில்தான்.

சொன்னபடியே நீக்கத் தொடங்கினாள். பூனை போனது. பிறந்தநாள் வாழ்த்து போனது. மெத்தைக்காரி மகளின் மார்க்கும் போனது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடைகளுக்கு விடுமுறை. காலையில் மெத்தைக்காரி ஒரு படம் போட்டாள். தன் வீட்டு வாசற்படியில் அழுத்தமாக உட்கார்ந்திருந்தாள், கீழே ஒரே வரி: 'எழுந்திருக்க மாட்டோம்.' அக்கா அதை நீக்கினாள். உடனே இன்னொருத்தி, சோபாவில். இன்னொருத்தி, துணி துவைக்கிற கல்லில். ஒருத்தி கணவனின் பைக்கில், ஒருத்தி மாமியார் பக்கத்தில், மாமியாரும் சேர்ந்து. எல்லாவற்றுக்கும் கீழே அதே வரி. அக்கா ஒன்றை நீக்கினால் பத்து முளைத்தது. நடுவில் யாரோ எழுதினார்கள்: 'முதலாளியம்மா கேமராவுல பாக்குறாங்க, யாரும் சாயாதீங்க!'

அந்த வரியைப் படித்ததும் அக்காவின் முகம் செத்துப்போனது. கீழ்வீட்டுச் சமையலறையில் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவர்கள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறேன். அவள் சமையலறை தெரிகிற மாடிப்படியில் உட்கார்ந்து நானும் படம் போட்டிருந்தேன்.

"கூடப் பொறந்தவளே குழி பறிக்கிறியா?" என்று கீழேயிருந்து கத்தினாள்.

"குழி பறிக்கலக்கா, உட்கார்ந்திருக்கேன். நீ கத்துக்குடுத்ததுதானே!"

மாமா கூடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அக்கா அவரை முறைத்தாள். முறைத்த வேகத்தில் அவளுக்கே சிரிப்பு முட்டியது. அதை அடக்கிக்கொண்டு, "என்கிட்டயே சத்தியாகிரகமா?" என்றாள். குரலில் கோபத்தைவிடப் பெருமைதான் அதிகம் இருந்தது. ஆனாலும் பிடிவாதக்காரி ஆயிற்றே, குழுவை மூடுகிற இடத்துக்கே விரலைக் கொண்டு போய்விட்டாள்.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது.

கண்ணாடிக் கதவு, பளபளவென்று அடுக்கிய போன்கள், அவற்றுக்குக் கீழே தரையில் சீருடையோடு ஒரு வரிசைப் பெண்கள். நடுவில் இருந்தவள் எழுதியிருந்தாள்: 'நான் எழுதினதை யாரும் பாக்கலன்னு ரெண்டு நாளா அழுதுட்டு இருந்தேன். காலையிலேருந்து எங்களுக்காக இத்தனை பேர் உட்கார்ந்திருக்கீங்களே அக்கா! எங்களுக்கும் தைரியம் வந்துடுச்சு. நாங்களும் எழுந்திருக்க மாட்டோம். மேனேஜர் கத்துறார்.'

அக்காவின் நீண்ட அறிவிப்பில் அந்தப் பெண் தன்னைப் பற்றிய வரியை மட்டும் படித்திருக்கிறாள். காலையில் குவிந்த படங்களையெல்லாம் தனக்காக நடக்கிற போராட்டம் என்றே நினைத்துவிட்டாள்.

மெத்தைக்காரிதான் முதலில் எழுதினாள்: 'ஆமாம் கண்ணு, உனக்காகத்தான். எந்தக் கடை சொல்லு, வர்றோம்.'

அவ்வளவுதான். ஆளாளுக்குக் கிளம்பினார்கள். அக்கா போனை இடுப்பில் செருகிக்கொண்டு, "மகராசா, வேனை எடு" என்றாள். வழியில் பஸ்ஸுக்கு நிற்பதாகக் குழுவில் எழுதியவர்களை எல்லாம் ஏற்றிக்கொண்டோம். குழந்தைகள் உட்கார்கிற சின்ன சீட்டில் அந்த உடம்புகள் அடங்குவதாவது! ஒருத்தி மடியில் ஒருத்தி உட்கார்ந்து, சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. நடுவில் ஒருத்தி, "அந்த முதலாளியம்மாவும் வருவாங்களோ?" என்றாள். வேனில் ஏறியவர்கள் எல்லோரும் பிறகு குழுவில் சேர்ந்தவர்கள், அக்காவை நேரில் பார்த்ததில்லை, குழுவில் அவள் படத்திலும் முகம் கிடையாது. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நாங்கள் போவதற்குள் கடை நிரம்பியிருந்தது. மெத்தைக்காரி இரண்டு கை நிறைய மெத்தைகளோடு வந்து ஆளுக்கொன்று விநியோகம் செய்துகொண்டிருந்தாள், மேனேஜருக்கும் ஒன்று நீட்டினாள். போன் வாங்க வந்தவர்கள் சிலரும் உட்கார்ந்துவிட்டார்கள். மேனேஜர் தலைமை அலுவலகத்துக்கு மூன்று முறை போன் செய்து, நெற்றியைத் துடைத்து, கடைசியில் பின்னறையிலிருந்து ஸ்டூல்களைத் தானே சுமந்துகொண்டு வந்து வரிசையாக வைத்தார். ஒரே கைதட்டல், விசில். விசில் அடித்தது எங்கள் மாமா.

அக்கா மட்டும் வாசலிலேயே நின்றாள். யாருக்கும் அவள் தேவைப்படவில்லை. எப்படி உட்கார வேண்டும், எப்போது கைதட்ட வேண்டும், யார் மேனேஜரிடம் பேச வேண்டும் என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

அந்தச் செல்போன் கடைப் பெண்தான் அவளைக் கவனித்தாள். "ஏன் நிக்கிறீங்கக்கா? வாங்க, வாங்க. கொஞ்சம் தள்ளி உட்காருங்கடி" என்று கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில், தன் மெத்தையிலேயே பாதி இடம் கொடுத்து உட்கார வைத்தாள். அக்காவின் பாதங்களைப் பார்த்து, "நீங்களும் நின்னு வேலை பாக்கிறவங்கதானா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"நம்ம குரூப்ல இருக்கீங்களா? இதுக்கு முன்னாடி உங்களைப் பாத்ததே இல்லையே. புதுசா?"

நான் வாயைத் திறந்தேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள், மூடிக்கொண்டேன்.

"ஆமா கண்ணு" என்றாள் அக்கா. "இன்னைக்குத்தான் சேர்ந்தேன்."