ஒன்பதரை வண்டி

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதம், கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு கிலோ லட்டு வாங்கினேன். அன்று மத்தியானம்தான் கோர்ட்டில் தீர்ப்பு சொல்லியிருந்தார்கள். எங்கள் பக்கத்து நிலத்துக்காரருக்கு இரண்டு வருடம் ஜெயில்.

வாய்க்கால் மடையில் தண்ணீர் முறைக்காக நடந்த சண்டையில், மண்வெட்டிப் பிடியால் அடித்து என் கணவரின் காலை உடைத்துவிட்டார் என்பது வழக்கு. அவரோ, கைகலப்பில் இவர் மடைக்கல்லில் விழுந்ததால்தான் கால் உடைந்தது என்று கடைசிவரை சொன்னார். நேரில் பார்த்த சாட்சி நான் ஒருத்திதான். கூண்டில் ஏறி, அடித்ததை என் கண்ணால் பார்த்தேன் என்று தைரியமாகச் சொன்னேன். அந்தத் தைரியத்துக்குத்தான் லட்டு.

கச்சிராயபாளையம் போகும் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, "உள்ள தள்ளிட்டாங்க" என்று சொல்லி முடித்தேன். நிமிர்ந்து பார்த்தால் அதே பஸ்ஸில் அவர் ஏறுகிறார். பின்னாலேயே அவருக்கு ஜாமீன் போட்ட இரண்டு பேர். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வீட்டில் யாருக்கும் லட்டு தின்ன மனசு வரவில்லை. எறும்புதான் தின்றது.

மறுநாளே அரசு வக்கீலைப் பிடித்துச் சண்டை போட்டேன். பணம் கொடுத்துத்தான் வெளியே வந்தாரா என்றுகூடக் கேட்டுவிட்டேன். அந்த அம்மாள் கோபப்படவில்லை.

"தீர்ப்பு அப்படியேதாம்மா இருக்குது. அப்பீல் முடியற வரைக்கும் தண்டனைய நிறுத்தி வெச்சிக்கிறாங்க. இப்பவே உள்ள வெச்சிட்டு, நாளைக்கு மேல்கோர்ட்டுல தப்பில்லன்னு சொன்னா, உள்ள கெடந்த நாள யாரு திருப்பிக் குடுக்கறது?"

"எங்க வூட்டுக்காரரு காலு மட்டும் திரும்பி வந்துடுமா?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

அப்பீலை எடுத்துக்கொண்டபோது மேல்கோர்ட்டு ஒரு நிபந்தனை வைத்தது. மாதாமாதம் முதல் திங்கட்கிழமை அவர் கோர்ட்டுக்குப் போய், மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு தடவை தவறினாலும் வெளியே இருப்பதற்கு ஆபத்து. அது போதாதா எனக்கு? சம்பளம் வாங்காத போலீஸ் ஆனேன். முதல் திங்கட்கிழமை வந்தால், ஒன்பதரை டவுன் பஸ்ஸுக்கு அவர் போகிறாரா என்று வாசலில் நின்று பார்ப்பேன். ஒரு மாதமும் தவறவில்லை. ஓடிப்போவார் என்று காத்திருந்த எனக்கு அதுவே பெரிய ஏமாற்றம்.

ஐப்பசியில் ஒரு முதல் திங்கட்கிழமை. கணவருக்கு மாத்திரை வாங்கக் கள்ளக்குறிச்சிக்குக் கிளம்பி ஸ்டாப்பில் நின்றேன். ஒன்பதரை வண்டி அணைக்கட்டு ரோட்டில் ரிப்பேராகி நிற்பதாகவும், இனி பன்னிரண்டு மணிக்குத்தான் பஸ் என்றும் டீக்கடை அக்கா சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஷேர் ஆட்டோ வந்தால் போகலாம் என்று நின்றிருந்தபோது அவர் வேகமாக வந்தார். அங்கே வேறு யாரும் இல்லை. சண்டைக்குப் பிறகு முதல் தடவையாக என்னிடம் வாய் திறந்தார்.

"ஒம்போதரை வண்டி பூடுச்சாங்க?"

"இன்னும் வரல" என்றேன்.

அவர் நிம்மதியாகத் துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்தார். ஐந்து நிமிஷத்தில் ஒரு இடம் காலியாக ஷேர் ஆட்டோ வந்தது. நான் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் உள்ளுக்குள் ஒரே குதூகலம்.

மாத்திரை வாங்கியதும் வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். அவர் வராமல் போவதைப் பார்க்கும் ஆசையில் கோர்ட்டு வாசலுக்கே போய் நின்றேன். சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கரும்பு லோடு டிராக்டர் வந்து நின்றது. அதிலிருந்து அவர் குதித்தார். சட்டையெல்லாம் கரும்புச் சோகைத் தூசி, ஒரு கால் செருப்பைக் காணோம். உள்ளே ஓடிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மூச்சு வாங்க வெளியே வந்தவர் என்னைப் பார்த்து நின்றுவிட்டார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"அண்ணி, அந்த வண்டி ரிப்பேராம். நீங்களும் அதுக்குத்தான நின்னுக்கினு இருந்தீங்க? நல்லவேளை, ஆட்டோவுல வந்துட்டீங்க."

வழக்குக்கு முன்னால் அவர் என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவார். அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல வெட்கமாக இருந்தது.

திரும்பி வரும்போது எனக்கு நானே வக்காலத்து வாங்கிப் பார்த்தேன். பஸ் வரவில்லை என்றேன், அது நிஜம்தானே? ஆனால் தெரிந்ததில் பாதியைச் சொல்லி மீதியை முழுங்கிவிட்டேன். இதை முன்பே ஒருமுறை செய்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. சண்டையன்று கணவரின் அலறல் கேட்டு, கரும்புக் கொல்லையைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது இவர் மடைக்கல்லின் மேல் விழுந்து கிடந்தார். அவர் கையில் மண்வெட்டி இருந்தது. நான் பார்த்தது அவ்வளவுதான். அவர்தானே அடித்தார் என்று ஸ்டேஷனில் கேட்டார்கள், ஆமாம் என்றேன். சொல்லிச் சொல்லி, பார்த்த மாதிரியே ஆகிவிட்டது.

அடுத்த தை மாதம் அப்பீலில் உத்தரவு வந்தது. டாக்டரைச் சரியாக விசாரிக்கவில்லை என்று வழக்கை மறு விசாரணைக்கு அனுப்பிவிட்டார்கள். அதுவரை அவர் வெளியிலேயே இருக்கலாம். எனக்கு மறுபடியும் சம்மன். நான் பார்த்தது இவ்வளவுதான் என்று சொன்னதும் வக்கீல் அம்மாள் பயந்துவிட்டார். முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னால் என் மேலேயே வழக்கு வரலாம் என்றார். என் கணவர் கம்பை ஊன்றி எழுந்து நின்று, "அப்ப என் கால நானே ஒடச்சிக்கினேனா?" என்று கேட்டார். தன் மேல் அடி விழுந்ததாகவே இவர் நம்புகிறார்.

மறுபடி கூண்டில் ஏறினேன். "அடிச்சத நான் பாக்கலங்க. விழுந்தப்பறம்தான் பாத்தேன்" என்றேன். நீதிபதி என்னை நிமிர்ந்து பார்த்தார். முன்பு ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டார். கோபத்தில் சொன்னேன் என்றேன். கண்டித்து அனுப்பினார்கள். வேறு ஒன்றும் செய்யவில்லை.

கல்லில் விழுந்தாலும் அப்படி எலும்பு முறியும் என்று டாக்டர் சொன்னாராம். கடைசியில், பிடித்துத் தள்ளியதற்கு மட்டும் பக்கத்து நிலத்துக்காரருக்கு அபராதம் போட்டார்கள். என் கணவர் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. சோற்றுக்கு மட்டும் தட்டைத் தட்டுவார்.

உண்மையில் என்ன நடந்தது என்று இன்றும் எனக்குத் தெரியாது. தீர்ப்பு வந்த அன்றே அவரை உள்ளே வைத்திருந்தால், நான் லட்டைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன், நான் பார்க்காததற்காக ஒரு மனுஷன் ஜெயிலில் இருந்திருப்பார். இப்போதெல்லாம் ஸ்டாப்பில் யாராவது வண்டி போய்விட்டதா என்று கேட்டால், தெரிந்ததை முழுசாகச் சொல்கிறேன், தெரியாவிட்டால் தெரியாது என்கிறேன். அந்த ஒரு வார்த்தையைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு தடவை கூண்டு ஏற வேண்டியிருந்தது.