எந்த ஊதா?

என் அண்ணியைப் பட்டறைத் தெருவில் எல்லோரும் ‘சின்னக்கை’ என்றுதான் கூப்பிடுவார்கள். கார் டேஷ்போர்டுக்குள் திருகாணி விழுந்துவிட்டால் அக்கம்பக்கத்து மெக்கானிக்குகள் அவளைத்தான் தேடி வருவார்கள். அவள் கல்யாணமே அப்படித்தான் நடந்தது. அப்போது சீட் கவர் தைக்கிற கடையில் இருந்தாள். காருக்குள் அலங்கார விளக்கு போடுகிற என் அண்ணன் ஒரு திருகாணியை உள்ளே போட்டுவிட்டுத் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றான். அவள் வந்தாள், கையை விட்டாள், எடுத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அண்ணன் கையிலிருந்து திருகாணிகள் அடிக்கடி விழ ஆரம்பித்தன.

இப்போது இரண்டு பேருக்கும் ஒரே பட்டறை. வாய் அவனுடையது, கை அவளுடையது. விளக்குக் கோடு எங்கே ஓட வேண்டும் என்று அவன் அளப்பான், உள்ளே நுழைந்து ஒயரைக் கோப்பவள் அவள்.

இருவருக்கும் ஒத்துப்போகாதது ஒரே ஒரு சொல்தான். எங்கள் வீட்டில் ஊதா என்றால் கத்தரிப்பூ நிறம். அண்ணி பிறந்த வீட்டில் ஊதா என்றால் நீலம். கல்யாணமான புதிதில் அண்ணன் ஜன்னலுக்கு ஊதாத் திரைச்சீலை கேட்டு, அவள் வாங்கி வந்ததைப் பார்த்துக் குதித்த குதி இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்றோடு பட்டறையில் அந்தச் சொல்லுக்குத் தடை. நீலம் என்று சொல், இல்லாவிட்டால் கத்தரிப்பூ என்று சொல்.

அந்தத் தடையை அண்ணன் போயும் போயும் என் வீட்டுக்காரர் காரிலா மீற வேண்டும்?

அவருக்கும் அண்ணனுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஏழாம் பொருத்தம். புது வண்டியை அண்ணனிடம் கொடுக்க மனமே இல்லை. நான்தான் நச்சரித்துக் கூட்டி வந்தேன். கிளம்பும்போதே சொல்லிவிட்டார்: “வண்டிக்கு ஒண்ணுன்னா உங்க அண்ணன் யாரோ, நாம யாரோ. அப்புறம் அந்த வீட்டுப் பக்கம் போறதே கிடையாது.” சொன்னால் செய்கிற மனுஷன். எனக்கு இருப்பதோ ஒரே அண்ணன்.

அண்ணி காருக்குள் மல்லாந்து படுத்து, முன்சீட்டுக்கு எதிரே டேஷ்போர்டின் அடியில் தலையை விட்டிருந்தாள். ஒவ்வொரு கிளிப் கழலும்போதும் என் வீட்டுக்காரர் “மெதுவா, மெதுவா” என்றார். அண்ணனுக்கு வேர்த்து ஊற்றியது. மாப்பிள்ளைக்கு முன்னால் கெத்தைக் காட்ட வேண்டுமே!

“அந்த ஊதா ஒயர்ல கரண்ட் எடுத்துக்கோ” என்றான்.

உள்ளேயிருந்து, “ஊதாவா?” என்று கேட்டாள்.

“ஊதாதான்! எத்தனை தடவை சொல்றது?”

அவள் ஒயரைக் கோத்து முடித்து வெளியே வந்தாள்.

சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டு நெடுக மெல்லிய வெளிச்சக் கோடு ஓடியது. கை தட்டப் போனேன். அப்போதுதான் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கைப் பார்த்தேன். உட்கார்ந்திருக்கிற ஆள், அவன் நெஞ்சுக்கு முன்னால் ஒரு பந்து. அது அணையவே இல்லை.

“அது என்ன மச்சான்?” என்றார் என் வீட்டுக்காரர்.

அண்ணன் பேயறைந்த மாதிரி நின்றான். “ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. அவ ஒயரை மாத்தி மாட்டிட்டா.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொன்னது இவன், பழி அவள்மேல்! அண்ணி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

டிரைவருக்குப் பக்கத்து முன்சீட்டில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று ஏர்பேக்குக்குச் சொல்வது அந்த நீல ஒயர். அதில் விளக்கைக் கோத்தால் எங்காவது மோதும்போது பை விரியுமோ, விரியாதோ, யாருக்கும் தெரியாது.

என் வீட்டுக்காரர் போன் பேச வாசலுக்குப் போனார். அண்ணன் குனிந்து கிசுகிசுத்தான். “மீட்டரைக் கழட்டி அந்த விளக்கை மட்டும் மறைச்சிடலாம். இப்ப போகட்டும். பின்னாடி ஏதாவது சாக்கு சொல்லி வரவழைச்சு சரி பண்ணிடலாம்.”

எனக்கே அது நல்ல யோசனையாகப் பட்டது. அவ்வளவு பயம்.

“அந்த சீட்ல உட்காரப்போறது யாரு? இவதானே?” அண்ணி என்னைக் கை காட்டினாள்.

அவளே வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “தம்பி, ஒயர் தப்பா மாட்டியிருக்கு. திரும்பப் பிரிக்கணும். அது சரியாகாம வண்டியைத் தர மாட்டேன்.”

அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. என்னைத்தான் பார்த்தார்.

அண்ணி பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“என்னக்கா, சும்மா உட்கார்ந்துட்டீங்க?”

“உள்ள கொஞ்சம் கரண்ட் மிச்சம் இருக்கும் தம்பி. அது வடியுறதுக்குள்ள கை வெச்சா பை என் மூஞ்சிலதான் விரியும்.”

என் வீட்டுக்காரர் இரண்டடி பின்னால் போனார். கொஞ்ச நேரம் கழித்து அவள் மறுபடியும் உள்ளே தலையை விட்டாள். நீலத்தை விடுவித்து, ஒட்டி, டேப் சுற்றினாள். கத்தரிப்பூவில் விளக்கைக் கோத்தாள். பேட்டரியை மாட்டி, ஸ்கேனரைச் செருகிப் பதிந்திருந்த பிழையை அழித்தாள்.

“சீட்ல யாராவது உட்காரணும்.”

நான் கதவைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்தார். “நீ வேணாம்.”

அண்ணி தன் புருஷனைப் பார்த்தாள். “நீங்க உட்காருங்க.”

அண்ணன் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டான். அவள் சாவியைத் திருப்பினாள். சிவப்பு எரிந்தது.

“முதல்ல எரியத்தான் செய்யும், பொறுங்க” என்றாள். நான் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அணைந்தது.

அண்ணன் பெல்ட்டைக்கூடக் கழற்றவில்லை. “மாப்பிள்ளை, அவமேல தப்பில்ல. ஊதான்னு சொன்னது நான்தான். எங்க வீட்டுல ஊதான்னா கத்தரிப்பூ, அவ வீட்டுல நீலம். தெரிஞ்சும் வாய் தவறிட்டேன். தவறினதை உங்ககிட்ட ஒத்துக்கவும் வாய் வரல.”

“இன்னைக்கு எனக்காக என் பேச்சுல சொல்றீங்கன்னு நினைச்சேன்” என்றாள் அண்ணி. அண்ணன் தலையைத் தூக்கவில்லை.

என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் போய்க் கதவைத் திறந்தார். “இறங்குங்க மச்சான். அவ உட்காரட்டும்.”

நான் உட்கார்ந்தேன். நிறம் மாற்றுகிற ரிமோட்டுடன் அண்ணி ஜன்னலருகே வந்தாள். “என்ன கலர் வைக்கட்டும் தம்பி?”

“ஊதா.”

அண்ணி கை அப்படியே நின்றது. “எந்த ஊதா?”

“உங்க ஊதாதான்க்கா.”

வீடு வரைக்கும் நீல வெளிச்சத்தில் வந்தோம்.